மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொண்டனர்

ஆகஸ்ட் மாதம் கண் முகாம் நடத்தி, வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கண்ணாடி கொடுத்து, வந்தவர்கள் அறுபத்து மூன்று பேர்தான் என்றாலும் நூறு பேர் என்று அறிக்கை எழுதி அனுப்பிய மறுநாள் காலையில், பால்காரர் மணியடிக்கிற நேரத்துக்கு, மீதி முப்பத்தேழு பேரும் தாராபுரம் ரோட்டில் ஒருவர் பின் ஒருவராக நடந்து எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள்.

எழுதியவள் நான்தான். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது. மூலக்காட்டுப்பாளையம் நேசக்கரம் சங்கத்துக்கு அந்த வருஷம் செயலாளர் என் வீட்டுக்காரர் சென்னியப்பன். பெயிண்டுக் கடை வைத்திருக்கிறார். எந்தச் சுவருக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று பார்த்த பார்வையில் சொல்கிற மனுஷன், நாலு வரி எழுதச் சொன்னால் மட்டும் கடையில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவார். அதனால் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, என்ன சேவை செய்தோம், எங்கே செய்தோம், பயனாளிகள் எத்தனை பேர் என்று சங்கத்தின் மாவட்ட அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டரில் அனுப்புகிற வேலை என் தலையில் விழுந்தது. கடைசியில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்று தலைவர் நல்லசிவம் சொல்லிக் கொடுத்திருந்தார். பயனாளிகள் மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொண்டனர். அவர் மோட்டார் பம்புக் கடைக்காரர், எதையும் ரவுண்டாகப் பேசித்தான் பழக்கம்.

"அறுபத்து மூணுன்னு போட்டா யாருங்க அம்மணி மதிப்பாங்க? முழுசாப் போட்டு உடுங்க. பொதுக் காரியத்துல கையைச் சுருக்கக் கூடாது."

போட்டுவிட்டேன். அதில் தப்பு இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை. சங்கம் என்றால் அப்படித்தான். மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் கல்யாண மண்டபத்து மாடியில் கூடுவார்கள், தலைவர் வெண்கல மணியை அடிப்பார், எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி சொல்வார்கள், பிறந்தநாள்காரருக்குச் சால்வை போடுவார்கள், தாமதமாக வந்தவர் ஒரு பாட்டுப் பாட வேண்டும், பிறகு சேவை அறிக்கை, பிறகு கைதட்டல், பிறகு கொத்துப் பரோட்டாவும் தயிர்சாதமும். ஆண்களுக்கு நேசர் என்று பட்டம், பெண்டாட்டிமார்களுக்கு நேசி. இருபத்து நாலு வருஷக் குடித்தனத்தில் "ஏய்" என்பதைத் தவிர வேறு பேர் சொல்லி என்னைக் கூப்பிடாத மனுஷன் மைக்கைப் பிடித்தால் நேசி தெய்வானை என்பார். நானும் அதைக் கேட்கத்தான் மாடி ஏறினேனோ என்னவோ.

வந்த முப்பத்தேழு பேரும் மண்டபத்துப் படிக்கட்டின் கீழே வந்து நின்றார்கள். ஆணும் பெண்ணுமாக எல்லோருக்கும் அறுபது வயசு இருக்கும், எல்லோர் மூக்கிலும் நாங்கள் கொடுத்த அதே பழுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. எதிரே டீக்கடை வைத்திருக்கிற மாரிச்சாமிதான் முதலில் போய்ப் பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊருங்க நீங்கெல்லாம்?"

"இங்கதானுங்க."

"பேருங்க?"

சிரித்தார்கள்.

"கண்ணாடி நல்லாத் தெரியுதுங்களா?"

"நல்லாத் தெரியுதுங்க. ரொம்பச் சந்தோசமுங்க."

அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. நான் எழுதியது எவ்வளவோ அவ்வளவு. அந்தச் சிரிப்பு முகத்தை விட்டு இறங்கவேயில்லை. சூடான டீயைக் கொடுத்தால் சிரித்துக்கொண்டே குடிப்பார்கள், பாதி கடைவாய் வழியாக வழியும். சந்தைக் கொட்டகையில் வரிசையாகப் படுத்துக்கொள்வார்கள், கண்ணாடியைக் கழற்றுவதில்லை, தூக்கத்திலும் பல் தெரியும். விடிகாலையில் தக்காளிக் கூடை இறக்கப் போனவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கூடையைப் போட்டபடியே திரும்பி வந்திருக்கிறார்கள்.

ஆனால் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் கூட்டம் கூடிப் பார்த்தார்கள், இரண்டாம் நாள் எவன் கொண்டுவந்து விட்டான் என்று சண்டை போட்டார்கள், மூன்றாம் நாள் அவர்களுக்கு வேலை கொடுத்தார்கள். பஞ்சு மூட்டை தூக்கினார்கள், வெங்காயத்தைக் குவித்து மூடிப் பட்டறை போட்டார்கள், மாரியம்மன் தேர் ஒரு பக்கம் சேற்றில் இறங்கியபோது முப்பத்தேழு பேரும் ஒரே வடத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் மேலே ஏற்றிவிட்டார்கள். களைப்புத் தெரியாது, லீவு கேட்க மாட்டார்கள், எதைக் கொடுத்தாலும் ரொம்பச் சந்தோசமுங்க. வார்டு மெம்பர் ரேஷன் அட்டை வாங்கித் தரலாம் என்று கூட்டிப்போய் மிஷினில் விரலை வைத்தால் ஒருத்தருக்கும் ரேகை விழவில்லை. சரி, வயசானவர்கள், தேய்ந்திருக்கும் என்று திரும்பக் கூட்டிவந்துவிட்டார். முகாம்காரங்க என்று பொதுவாக ஒரு பேர் நிலைத்துவிட்டது. முப்பத்தேழு பேருக்கு யார் தனித்தனியாகப் பேர் வைத்துக்கொண்டிருப்பது.

ஒரு இடத்தில்தான் சங்கடம் வந்தது. அரிசிக்கடைக்காரர் செத்த வீட்டுக்கு விறகு சுமந்து வந்தவர்கள், பிணத்தைச் சுற்றி நின்று அதே சிரிப்பைச் சிரித்தார்கள். அவர் பெண்சாதி அழுகையை நிறுத்திவிட்டு, "இவங்க எதுக்குச் சிரிக்கறாங்க? எனக்குத் தெரியாதது என்ன தெரியும் இவங்களுக்கு?" என்று ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக் கேட்டாள். அதற்குப் பிறகு இழவு வீட்டுக்கு முகாம்காரங்க வந்தால் துண்டால் வாயை மூடிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும் என்று ஏற்பாடு ஆயிற்று. அதுவும் பழகிவிட்டது. பழகாதது என்று எங்கள் ஊரில் எதுவும் கிடையாது.

தீபாவளிக்கு ஆதரவில்லாத பெண்களுக்குச் சேலை கொடுத்தோம். எழுபத்திரண்டு, எழுதியது எண்பது. எட்டுப் பெண்கள் ஒரே பச்சைச் சேலையில் சிரித்துக்கொண்டு வந்து, யாரும் சொல்லாமலே விளக்குமாற்றை எடுத்துக் கடைவீதியைக் கூட்ட ஆரம்பித்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நல்லசிவத்துக்கு அதில் பெருமைகூட. "ஊர்ல பாதிப் பேரு புள்ளைகளை டவுனுக்கு அனுப்பிச்சுட்டு உக்காந்திருக்கறாங்க, நம்ம சங்கந்தானுங்க சனத்தைச் சேர்க்குது" என்று மேடையில் சொன்னார். கைதட்டினோம்.

பிறகு குழந்தைகள் தினம். அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஐம்பது நீலப் பை வாங்கினோம். ஒரு பையில் ஜிப் கெட்டுப்போயிருந்ததால் அதை எங்கள் கடையில் ஓரமாக வைத்துவிட்டு நாற்பத்தொன்பதுதான் கொடுத்தார்கள். டிசம்பர் ஐந்தாம் தேதி அறிக்கையில் நான் ஐம்பது என்று எழுதினேன். இது நல்லசிவம் சொன்னதில்லை, என் கை எழுதியது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, போகாத கோவில் இல்லை, கடைசியில் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். முகாம்காரங்க எங்கிருந்து வருகிறார்கள் என்று எனக்கு அதற்குள் அரைகுறையாகப் புரிந்திருந்தது. ஒன்று கூட்டிப் போட்டால் என்ன, ஒரு குழந்தையை எழுத யாரைக் கேட்க வேண்டும் என்று ஐம்பது போட்டேன். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கிவிட்டது. ஓடிப்போய் இறக்கி, அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து, மனசு மாறுவதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அப்படியே அனுப்பிவிட்டேன். கடைசி வரியை எழுதவில்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் குழந்தை நின்றுகொண்டிருந்தது. ஏழு வயசு இருக்கும், முதுகில் நீலப் பை. அது அழுதுகொண்டிருந்தது. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழுதது.

"ஏன் சாமி அழுகற?"

"தெரியலீங்க. பசிக்குதுங்க."

அதுவரை வந்தவர்களில் ஒருத்தர்கூட அழுததில்லை, பசிக்கிறது என்று சொன்னதில்லை. நான் எழுதாமல் விட்ட வரி என்னவென்று அப்போது தெரிந்தது. அந்த ஒரு வரி இல்லாததால் இந்தக் குழந்தைக்கு அழ முடிகிறது. வாரியெடுத்து உள்ளே கொண்டுபோய் இட்லி ஊட்டினேன். என் வீட்டுக்காரரிடம் அந்த வரியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால், தெரிந்தேதான் ஒன்று கூட்டி எழுதினாயா என்று கேட்பார்.

பவளம் என்று பேர் வைத்தோம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, முகாம்காரப் புள்ள என்றுதான் பேசினார்கள், ஆனால் அது அழுகிற அழுகையைக் கேட்டுவிட்டு அவர்களுக்கே சந்தேகம் வந்தது. தலைக்கு எண்ணெய் வைத்தால் அழும், பாகற்காய் வைத்தால் அழும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் அழும், ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் இல்லையென்றால் அதற்கும் அழும். சீப்பை எடுத்தாலே உதடு பிதுங்கிவிடும். என் வீட்டுக்காரருக்கு அது தாங்காது. "அழுவாத சாமி, அழுவாத தங்கம்" என்று கடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பன் வாங்கிக் கொடுப்பார். எனக்கு அப்படியில்லை. அந்த அழுகையைக் கேட்கக் கேட்க வயிறு நிறையும். வெளியே திட்டுவேன், உள்ளே, அழுடி என் ராசாத்தி, நல்லா அழு என்று இருக்கும். தை மாதம் ஒருநாள் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு "அம்மா" என்று கத்திக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

மே மாதம் மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. புதிதாக வந்த மாவட்டத் தலைவி, சங்கத்துப் பாஷையில் கவர்னர், தமயந்தி அம்மாள் காலேஜ் பிரின்சிபாலாக இருந்தவர், பொய் எண்ணிக்கையே ஆகாது. எந்தச் சேவையாக இருந்தாலும் பயனாளிகளின் பேர், முகவரி, கையெழுத்து உள்ள பதிவேடு வேண்டும், பதிவேட்டில் இருக்கிற எண்தான் அறிக்கையில் இருக்க வேண்டும், சங்க வருஷம் முடிகிற ஜூன் முப்பதுக்குள் திருத்தாவிட்டால் சங்கத்தையே கலைத்துவிடுவேன் என்று எழுதியிருந்தார். ஜூன் மாதக் கூட்டத்துக்கு நேரிலும் வருவாராம்.

மே இரண்டாம் சனிக்கிழமை மாடியில் கடிதத்தைப் படித்த நல்லசிவத்துக்கு வேர்த்துவிட்டது. "ஒண்ணு திருத்திப் பாக்கலாமுங்க, எப்படி வருதுன்னு" என்று போனை எடுத்து, சேலை அறிக்கையில் எண்பதை அழித்து எழுபத்திரண்டு என்று போட்டு அனுப்பினார். கீழே வாசலில் விளக்குமாறு விழுகிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு என்று எட்டு. எங்கள் விருந்துக்காக மண்டபத்து முன்னால் கூட்டிக்கொண்டிருந்தவர்கள் அந்த எட்டுப் பெண்கள்தான். ஜன்னலில் எட்டிப் பார்த்தோம். எட்டுப் பச்சைச் சேலைகள் கொசுவம்கூடக் கலையாமல் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தன. பிறகு ஒருத்தர் பரோட்டா ஆறுகிறது என்றார், எல்லோரும் போய்க் கை கழுவினார்கள்.

அடுத்தது கண்ணாடி, அதற்கடுத்தது பை. நேசிகள் கூட்டத்தில் பேசுகிற வழக்கமில்லை, ஆனாலும் எழுந்தேன்.

"எண்ணிக்கையைக் குறைக்கறது ஒரு வழிங்க. இன்னொரு வழியும் இருக்குது. குடுத்தோமுன்னு எழுதுனதை நெசமாலுமே கையால குடுத்துட்டா அப்பறம் அது எப்படிப் பொய்யாகும்? பதிவேட்டுல பேரெழுதி, கையெழுத்து வாங்கிக் குடுங்க. எம் புள்ளைக்கும் குடுங்க, அந்த முப்பத்தேழு பேருக்கும் குடுங்க."

"அவங்க பேரென்னங்க?" என்றார் நல்லசிவம்.

தெரிந்தவர் யாரும் இல்லை. எட்டு மாதமாக எங்கள் மூட்டையைத் தூக்கியவர்கள். டீ கொண்டுவந்த மாரிச்சாமியைக் கேட்டோம். "கண்ணாடிக்காரரேன்னு கூப்புடுவேனுங்க, யாராச்சும் ஒருத்தரு வருவாங்க" என்றார்.

"பேரு வெச்சுக்கலாமுங்களே" என்றேன்.

"வெக்கலாமுங்க அம்மணி. முகவரி? யாரு வீட்டு முகவரியைக் குடுக்கறீங்க? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்த வீட்டுக்காரங்கதானே பாக்கோணும்?"

எல்லோரும் அவரவர் இலையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என்னிடம் இருந்தது ஒரே முகவரி, அதைப் பவளத்துக்கு வைத்திருந்தேன். ஒரு முகவரியில் எத்தனை பேரை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றவில்லை என்று சொல்வதும் பொய்தான்.

மறுநாள் காலையில் நூறை அறுபத்து மூன்றாகத் திருத்தினார்கள். மாரிச்சாமி முப்பத்தேழு டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். பெஞ்சில் முப்பத்தேழு கண்ணாடி, பக்கத்தில் முப்பத்தேழு டீ, அந்த ஆவி பட்டு எல்லாக் கண்ணாடியும் வேர்த்துப்போய் இருந்தது. அவர் அதையெல்லாம் துடைத்து ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். பஞ்சு மூட்டைக்கு வேறு ஆள் பிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் ஊர் மறந்துவிட்டது.

ஜூன் கூட்டத்துக்குக் கவர்னரம்மா வந்தார். ஓரமாகக் கிடந்த அந்த ஐம்பதாவது பைக்கு என் வீட்டுக்காரர் டவுனில் புது ஜிப் வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருந்தார். மேடையில் பவளத்தின் பேரைக் கூப்பிட்டார்கள். நல்லசிவம் மணியை ஓங்கி அடித்ததில் பயந்துபோய் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதது. மண்டபமே சிரித்தது. கவர்னரம்மா தன் கைக்குட்டையால் அதன் மூக்கைத் துடைத்து, பையைக் கையில் கொடுத்து, பதிவேட்டைக் காட்டினார். பவளம், தகப்பனார் பெயர் சென்னியப்பன், எங்கள் வீட்டு முகவரி. விசும்பிக்கொண்டே கட்டத்துக்கு வெளியே போகிற அளவுக்குப் பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டது. கண்ணீர் சொட்டி ஒரு எழுத்துக் கலைந்துவிட்டது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு நிம்மதியை நான் அறிந்ததில்லை. இனி இது யாரும் அழிக்க முடியாத எண்.

மறுநாள் காலையில் பவளத்தின் பேரைச் சேர்த்துப் பை அறிக்கையைத் திருத்தி அனுப்ப வேண்டும். நான் கம்ப்யூட்டர் பக்கம் போனபோது என் வீட்டுக்காரர் தடுத்தார்.

"நீ போய்ப் புள்ளைக்குத் தலை சீவி உடு. இன்னைக்கு ஒரு நாளைக்கு நானே எழுதறேன். எம் புள்ள பேரு, எங் கையால வரட்டும்."

இருபத்து நாலு வருஷத்தில் அந்த மனுஷன் தானாக எழுத உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரி என்று பின்கட்டுக்குப் போய்ப் பவளத்தை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு சீப்பை எடுத்தேன். வழக்கம்போல ஆரம்பித்தது. சிக்கெடுக்க எடுக்க அழுகை ஏறிக்கொண்டே போயிற்று, நானும் வழக்கம்போலத் திட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு பெரிய சிக்கில் சீப்பு மாட்டி, அது மூச்சை இழுத்து வாயைத் திறந்தது, அடுத்து வர வேண்டிய சத்தம் வரவில்லை.

முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை. சிரித்துக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து அவர் சந்தோஷமாக வந்தார். "அனுப்பிச்சுட்டேன். அட, அழுகையை நிறுத்திருச்சே! பாத்தியா?"

"கடைசி வரி என்ன எழுதுனீங்க?"

"தலைவர் சொல்லுவாருல்ல, அதுதான். மிக்க மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொண்டார். மிக்கன்னு நானாச் சேத்துனேன்."

நான் அவரைத் திட்டவில்லை. எதைச் சொல்லித் திட்டுவது? அந்த வரியின் சங்கதி தெரிந்தவள் நான், வாயை மூடிக்கொண்டிருந்தவளும் நான். பதிவேட்டோடு போன அறிக்கையை நாங்களாகத் திருத்த முடியாது என்பதால், கவர்னரம்மாவுக்குப் போன் போட்டு அந்த வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "எண்ணிக்கை தப்பா இருந்தாத் திருத்தலாம், குழந்தை சந்தோஷமா இருக்கறதை எப்படிம்மா திருத்தறது?" என்று கேட்டார். ஜூன் முப்பதோடு அந்த வருஷத்து அறிக்கைகளை மூடிவிட்டார்கள். ஜூலையில் புதுத் தலைவர், புதுச் செயலாளர், புது மணி.

பவளம் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிறது, பாகற்காயைச் சாப்பிடுகிறது, நல்ல குழந்தை என்று எல்லோரும் சொல்கிறார்கள். பேர் இருக்கிறது, ரேகை விழுகிறது, ரேஷன் அட்டையில்கூடச் சேர்த்துவிட்டோம். போன வாரம் பையை மூடும்போது அந்தப் புது ஜிப்பில் விரல் மாட்டிக்கொண்டது. சதை பிய்ந்து ரத்தம் சொட்டச் சொட்ட என்னிடம் கொண்டுவந்து காட்டியது. வலிக்குதா சாமி என்றேன். "ரொம்பச் சந்தோசமுங்கம்மா" என்றது. கண்ணை மட்டும் உற்றுப் பார்த்தேன். சிரிப்புக்குப் பின்னால் வெகு தூரத்தில் அது வாயைத் திறந்து கத்திக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் கடையிலிருந்து இருட்டின பிறகுதான் வருகிறார், பன் வாங்கி வருவதில்லை.

எனக்கும் வயசாகிறது. நாளைக்கு நான் இந்த வீட்டு நடுக் கூடத்தில் கிடக்கும்போது ஊர் வந்து பார்க்கும், பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டும். அப்போது வாயை மூட ஒரு சின்னத் துண்டை நாலாக மடித்து அதன் பையில் இப்போதே வைத்திருக்கிறேன்.